மூன்று மாத்தளைகள்

எங்கள் மாதிரி ரயில் சங்கத்தின் முதல் கூட்டம் ஒரு வெசாக் போயா, மே மாதப் பௌர்ணமி அன்று பின்னேரம் நடந்தது. வந்தவர்கள் மூன்று பேர். இன்றைக்கும் அதே மூன்று பேர்தான். மாத்தளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நானா, சித்திரப் பாடம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர், யட்டவத்தையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் நான். போயா நாளில் எனக்கு விடுமுறை, நானாவும் கடையைப் பூட்டிவிடுவார். ஆகவே கடைக்கு மேலே பெயின்ட் வாளிகள் அடுக்கிய சாமான் அறையில், போயாவுக்குப் போயா கூடுவது என்று தீர்மானித்தோம்.

முழு ரயில் பாதையையும் விரித்து வைக்க எங்களில் யார் வீட்டிலும் இடமில்லை. ஆளுக்கொரு பலகை செய்வது, அதன்மேல் அவரவர் தண்டவாளம் பதிப்பது, கூட்டத்தன்று கொண்டுவந்து ஒன்றோடொன்று பொருத்துவது என்பதுதான் வெளிநாட்டுச் சங்கங்களின் முறை. அதைப் பற்றி நான் நிறைய வாசித்திருந்தேன். பலகைகள் பொருந்தும் விளிம்புக்கு மட்டும் விதி எழுதினேன். தரையிலிருந்து உயரம், முன்விளிம்பிலிருந்து தண்டவாளத்தின் தூரம், வயர்களின் நிறம். பலகையின் நடுவில் என்ன கட்டுவது என்பது அவரவர் விருப்பம். முடியும்வரை ஒருவருக்கொருவர் காட்டக்கூடாது என்று நானா ஒரு நிபந்தனை சேர்த்தார்.

அந்த முதல் கூட்டத்திலேயே மாஸ்டர் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம். நேரே பார்ப்பது தெரியும், பக்கங்கள் இருண்டுகொண்டே வருகின்றன.

“பைப்புக்குள்ளால பாக்கிற மாதிரி. பைப்பு வரவர சின்னதாகுது. போன பார்வை திரும்பாதுன்னு கண்டி டொக்டர் சொல்லிட்டாரு. முழுசா மூடுறதுக்குள்ள, நான் போட்ட தண்டவாளத்துல ஒரு ரயில் வந்து நிக்கிறத பாத்துடணும். அதுக்குத்தான் வந்தேன்.”

அதன்பின் மாஸ்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த இரு மாதங்களில் வந்த பொசொன் போயாவுக்கும் எசல போயாவுக்கும் வெறும் பேச்சுத்தான். நிக்கினி போயா அன்று மூன்று பலகைகளும் பழைய சாரத் துணிகளால் மூடப்பட்டு மாடிக்கு வந்தன. முதலில் நானா தன் பலகையின் துணியை விலக்கினார். சரக்குக் கொட்டகை, மிளகு மூட்டைகள், மாத்தளை ரயில் நிலையம். மாஸ்டர் சிரித்துக்கொண்டே தன்னுடையதைத் திறந்தார். மேடை, பெஞ்சுகள், வெளியே வரிசையாக த்ரீவீலர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறம். அதுவும் மாத்தளை. நான் திறக்கத் தயங்கினேன். என்னுடையதில் பின்புறம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும்.

“அடப்பாவி தம்பி, நீங்களுமா?” என்றார் நானா.

கண்டியிலிருந்து வரும் பாதை மாத்தளையோடு முடிகிறது. அதற்கப்பால் போடுவார்கள் என்ற பேச்சை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். எங்கள் ஊர்க்காரனுக்கு ரயில் என்றால் வந்து நிற்பது. கடந்து போகும் ரயிலை நாங்கள் பார்த்து வளரவில்லை. மூவருமே ஒரு முனையில் விதிப்படி தண்டவாளத்தை விளிம்புவரை விட்டு, மறுமுனையில் முட்டுக்கட்டை வைத்து அடைத்திருந்தோம். ஒரு பாதைக்கு இரண்டு முடிவுகள்தான் இருக்க முடியும். நடுவில் வைக்க ஒரு மாத்தளையை அறுத்துத் திறந்தால்தான் மூன்றும் சேரும்.

“என்னோடத அறுக்கலாம்” என்றேன்.

மாஸ்டர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். “ஏன் உங்களோடது? என்னோடது ஏன் இல்ல?”

“சும்மாதான் மாஸ்டர்.”

“சும்மா இல்ல. தீக்குச்சி எடுங்க. கட்டைக் குச்சி யாருக்கு வருதோ அவனோடத அறுக்கணும்.”

நான் குச்சிகளைப் பிடித்தேன். எது கட்டை என்று எனக்குத் தெரியும். மாஸ்டரின் விரல் அதன்மேல் வந்து நின்றபோது என் கையைச் சற்றுத் திருப்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதையே உருவினார்.

மாஸ்டரின் பலகையில் அடைத்திருந்த முனையை நானா தச்சு வாள் வைத்து அறுத்தார். த்ரீவீலர் தரிப்பிடம் போயிற்று. மாஸ்டர் அந்தச் சிறு வண்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எஞ்சியிருந்த தண்டவாளத் துண்டை அந்த இடத்தில் பதித்து, நடுப்பலகையை இருபுறமும் கிளாம்ப் வைத்து இறுக்கினோம். எஞ்சினும் மூன்று பெட்டிகளும் நானாவின் மாத்தளையில் புறப்பட்டு, மாஸ்டரின் மாத்தளையைக் கடந்து, என் மாத்தளையில் வந்து நின்றன. நானா கத்தியே விட்டார். திரும்பவும் ஓட்டினோம். திரும்பவும் கை தட்டினோம். மாஸ்டரும் தட்டினார். பிறகு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பினர போயாவுக்கு அவர் வரவில்லை. வப் போயாவுக்கும் காணாதபோது நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். முன்னறையில் கதிரையைச் சன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுகமில்லையா என்று கேட்டேன்.

“சுகத்துக்கு என்ன. அன்னைக்கு வண்டி வந்தது சத்தத்துல தெரிஞ்சது. எஞ்சின் ஒருக்கா கண்ணுல பட்டுச்சு. தலைய திருப்புறதுக்குள்ள போயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் கை தட்டுனீங்க, அதனால நானும் தட்டுனேன்.”

எனக்கு உட்கார முடியவில்லை. “உங்க பலகைய மறுபடி அடைச்சிடுவோம் மாஸ்டர். என்னோடத நடுவுல வைப்போம்.”

“கட்டைக் குச்சிய இழுத்தது நான். அத மாத்துனா அப்புறம் நான் சங்கத்து ஆள் இல்ல, நோயாளி. அதுக்கு நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்.”

அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மூவரும் குடித்தோம். கோப்பையை வைத்துவிட்டு நானா கேட்டார்.

“மாஸ்டர், கண்டியில இருந்து வர்ற வழியில உக்குவளையில ரயில் நிக்குமா?”

“நிக்கும்.”

“வத்தேகமயில?”

“நிக்கும். ஏன் நானா?”

“அப்ப உங்க மாத்தளையில மட்டும் ஏன் நிக்காம போகுது? ஓட்டினவங்க ரெண்டு பேரும் மடையனுங்க, அவ்வளவுதான்.”

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய கோப்பை தட்டுப்பட்டுச் சரிந்தது. பக்கத்திலேயே இருந்த கோப்பைதான். அவருக்கு அது தெரியவில்லை.

அடுத்த போயாவுக்கு அவரை நான் த்ரீவீலரில் கூட்டிவந்தேன். நானா கொன்ட்ரோலரை மெல்லத் திருப்ப, வண்டி வந்து நடுப்பலகையில் மேடையோரம் நின்றது. மாஸ்டர் குனிந்தார். எஞ்சினில் தொடங்கித் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனார். சன்னல் சன்னலாக.

“போகட்டுமா மாஸ்டர்?”

“இருங்க நானா. இன்னும் கடைசிப் பெட்டிக்கு வரல.”

அன்று அவர் நிமிர்ந்தபோது முகம் தெளிவாக இருந்தது. விரும்பி வந்ததைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அதன்பின் ஒரு போயாவையும் அவர் தவறவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு போயாவுக்கும் அந்த நிறுத்தம் நீண்டுகொண்டு வருகிறது. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர அவருக்கு இப்போது அதிக நேரம் வேண்டியிருக்கிறது. சில வேளை நடுவில் இடம் தவறி மறுபடி எஞ்சினிலிருந்து தொடங்குகிறார். நானா கொன்ட்ரோலரில் கை வைத்தபடியே காத்திருப்பார்.

போன போயா அன்று மாஸ்டரை வீட்டில் விட்டுவிட்டு வந்தபின், அவருக்குத் தெரியாமல் இரண்டு பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினையும் ஒரு பெட்டியையும் மட்டும் ஓட்டலாமா, அவருக்குப் பார்த்து முடிக்க லேசாக இருக்குமே என்று நானா என்னிடம் கேட்டார். ‘சங்கத்து ஆள் இல்ல, நோயாளி’ என்று மாஸ்டர் சொன்னதை வைத்து நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.