அவன் பெயரில் எடுத்த லொத்தர்

ஆஸ்பத்திரிகளுக்குக் காசு சேர்க்க அரசாங்கம் லொத்தர்ச் சீட்டுக் குலுக்கல் நடத்திய ஐம்பதுகளில், கல்முனையில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் யாருமே டிக்கெட் வாங்கவில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். சூது ஹறாம், மார்க்கத்தில் கூடாதது. ஆனால் பஸ் நிலையத்தடியில் டிக்கெட் விற்றவரின் வியாபாரம் மட்டும் எப்படியோ நடந்துகொண்டிருந்தது.

நானும் வாங்கினேன். எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும். மருதமுனைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த காரைதீவுத் தமிழ்த் தோழன், தினமும் எங்கள் புடைவைக் கடை வாசலில் மணியடித்து என்னைத் தன் சைக்கிளில் ஏற்றிப்போவான். எத்தனை நாளைக்கு அடுத்தவன் கரியரில் குந்துவது? டிக்கெட்டின் அடிக்கட்டையில் பெயரும் விலாசமும் எழுதவேண்டும். வாப்பாவோ பள்ளிவாசல் மரைக்கார், நிர்வாகத்தில் ஒருவர். என் பெயரை எழுதக் கை வரவில்லை. தோழனிடம் கேட்டு அவன் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன்.

"எழுது மச்சான், பேரென்ன தேஞ்சா போகும்?" என்று சிரித்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கடையில் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவன் கொழும்புக் கடிதத்தோடு ஓடிவந்தான்.

"மச்சான், உனக்கு லொத்தர் விழுந்திட்டு! டிக்கெட்டை எடு!"

பாவி, சந்தோசத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. வாப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன மகன் இது?"

"எனக்குத் தெரியா வாப்பா. நான் ஒண்டும் எடுக்கல்ல."

டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

தோழன் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "ஓம் மரைக்கார், பிழை என்ட. என்ட பேர்தான் இதில கிடக்கு, பாருங்க," என்று கடிதத்தை நீட்டினான்.

"சூதுக் கதையோட மரைக்கார்ட கடைக்கா வாற? நம்மட புள்ளயக் கெடுக்கவா?" என்று பெரியவர் சத்தம் போட்டார். அவன் கடிதத்தை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். நான் புடைவை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காரைதீவுக்கு நடந்துபோய் டிக்கெட்டை நீட்டினேன். காசை நீயே எடுத்துக்கொள் என்றேன். அதை ஏதோ பெருந்தன்மைபோலச் சொன்னது இன்றைக்கும் கூசுகிறது.

அவன் கை நீட்டவில்லை. "அது என்ட இல்ல மச்சான். உன்டயும் இல்லயெண்டு நீதானே சொன்னாய்."

டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன். காசுக்கும் வருந்தினேன், பொய் சொல்வானேன். ஆனால் திங்கட்கிழமை காலை, பழக்கத்தில் கடை வாசலில் போய் நின்றபோதுதான் இழந்தது எதுவென்று உறைத்தது. சைக்கிள் வந்தது. மணியடிக்காமலே என்னைக் கடந்து போனது. கரியரில் யாரும் இல்லை. நான் மருதமுனைக்கு நடந்தேன். இடமாற்றம் வரும்வரை நடந்தேன்.