பந்திப் பாட்டு

என் அக்காவைக் கட்டியவர் ஏற்காட்டில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, கீழே எங்கும் வேலை அமையாததால், எழுபதுகளின் பிற்பகுதியில் மலையேறி அவரிடம் சேர்ந்தேன். அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, சேர்வராயன் கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். கரண்ட் வராத ஊர்களுக்கு லாரி பேட்டரியைச் சுமந்துகொண்டு போவோம். பேட்டரியைச் சுமப்பது நான். போகிற வழியில் தெரிந்தவர்களுக்கு வணக்கம் சொல்வது மச்சான்.

அந்தத் தொழிலில் எனக்கு இருந்த ஒரே மனக்குறை சாப்பாடு. எங்களிடம் இருந்ததெல்லாம் சின்ன இசைத்தட்டுகள். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாட்டு முடிந்துவிடும். பாட்டு நின்றால் ஏதோ கல்யாணமே நின்றுபோன மாதிரி எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் தட்டு மாற்ற வேண்டும். முதல் பந்தியில் மச்சான் உட்காருவார். நான் கடைசிப் பந்தி. அதற்குள் அப்பளம் தீர்ந்திருக்கும், பாயசம் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நிலைமையில்தான் ஒரு கோடைகாலத்தில், நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவின் புல்வெளியில் பிற்பகல் விருந்துக்குச் செட் போட்டோம். பெங்களூரிலிருந்து நிறைய விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் அடுக்கினார்கள். மூன்றாவது தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கேக்கோடு ஒரு கூட்டம் ஓடியது. நாற்காலிகளோடு இன்னொரு கூட்டம். நாங்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினோம்.

சில நாள் கழித்துப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அதற்குள் ஒரு பெரிய இசைத்தட்டு இருந்தது. உறை இல்லை. பங்களாவில் கேட்டால், வந்தவர்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், யாருடையது என்று தெரியாது, வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம் என்றார்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரிய தட்டுகளில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மெல்லிய வளையம் தெரியும். இதில் ஒரு பக்கத்தில் வளையமே இல்லை. விளிம்பிலிருந்து மையம் வரை ஒரே கறுப்பு.

அதாவது ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. எனக்கு உடனே பாயசம்தான் ஞாபகம் வந்தது.

குப்பனூர் ரோட்டில் ஒரு புதுமனை புகுவிழாவில் அதைப் பரீட்சை பார்த்தேன். முதல் பந்திக்கு இலை போட்டதும் தட்டை வைத்தேன், ஊசியை இறக்கினேன், நேராகப் போய் மச்சானுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையில் எடுத்த உருண்டையை இலையிலேயே போட்டுவிட்டார்.

“டேய், அங்க யார்றா இருக்கறது?”

“பாட்டு ஓடுதுங்க மச்சான். சாப்பிடுங்க.”

“எங்கடா ஓடுது? ஒண்ணும் கேக்கலையே!”

உண்மையில் அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் காற்று வீசுகிற சத்தமும், தூரத்தில் ஏதோ மணி ஆடுகிற சத்தமும்தான் இருந்தன. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “ஏனுங்க, மைக்கு கெட்டுப்போச்சுங்களா?”

“இப்ப ஆரம்பிக்குமுங்க,” என்றேன் எதையும் அறியாதவனாக.

ஆரம்பித்தது. முதலில் ஆர்கன். “மாதா கோயில் பாட்டைப் போட்டுட்டாங்களா?” என்று எதிர் இலையில் யாரோ கேட்டார்கள். பிறகு டிரம்ஸ் விழுந்தது. குழந்தைகள் ஆட ஆரம்பித்து, இரண்டாவது அடியிலேயே தாளம் மாறிவிட்டதால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். புல்லாங்குழல் வந்தபோது எல்லோரும் சாந்தமாகி ரசம் கேட்டார்கள். பாடகர் வாயைத் திறந்தபோது நாங்கள் மோருக்கு வந்திருந்தோம். பாட்டு முடிந்துவிட்டது என்று நான் இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தேன். பாயசத்தைக் குடித்துவிட்டு, கை கழுவிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போய் ஊசியை எடுத்தேன்.

மச்சான் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். “நாராசமா இருக்குது மாப்ள. ஆனா நல்ல பாட்டு.”

அன்றிலிருந்து அது பந்திப் பாட்டு. கல்யாணம் எந்த ஊராக இருந்தாலும், முதல் பந்திக்கு இலை போட்டால் அந்தத் தட்டு ஏறும். சமையல்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். புல்லாங்குழல் கேட்டால் ரசவாளி தானாக நகரும். “அந்தக் காத்தடிக்கிற பாட்டைப் போட்டாச்சு, வாங்க சாப்பிடலாம்” என்று பெண்கள் கூப்பிட்டுக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். பாடியவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, தங்கள் பாட்டு சாமைச் சோற்றுக்கும் பருப்புக்கும் வாசிக்கப்படுவது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு அது பிடித்துப்போனது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் மச்சானுக்குக் காய்ச்சல். ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். மூடுபனி இறங்கி, இரண்டு இலைக்கு அப்பால் இருப்பவர்கூடத் தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், ஏனோ பாட்டைக் கவனித்தேன். கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்குகிற மெட்டு, ஆரம்பத்தில் அந்த மணி ஆடியதே, அதே மெட்டு. இவ்வளவு நாளும் தொடக்கத்தில் நான் கை கழுவிக்கொண்டும், முடிவில் பாயசம் குடித்துக்கொண்டும் இருந்ததால் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. பரிமாறுகிறவர் வந்து, “ஏனுங்க, சோறு ஆறுது, ஒடம்புக்குச் சேரலீங்களா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு விசேஷம் இல்லாத நாட்களிலும் கடையில் அதைப் போட ஆரம்பித்தேன். “பந்தியே இல்லாம என்னத்துக்குடா பந்திப் பாட்டு? ஊசி தேயுது,” என்று மச்சான் புலம்பினார்.

அடுத்த வருடம் நாகலூரில் ஒரு காதுகுத்து. குழாயைச் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் கட்டியிருந்தோம். பந்திப் பாட்டு பாதி ஓடியிருக்கும். காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். பேன்ட் முழங்கால் வரை ஈரம், கையில் குடை, ஒரு செருப்பு சேற்றில் போயிருந்தது. பங்களாவுக்குப் பக்கத்து எஸ்டேட்காரரின் மகள், பெங்களூரில் படிக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. நேராக மேஜைக்கு வந்து, சுழல்கிற தட்டைக் குனிந்து பார்த்தாள்.

“இது என்னோடது,” என்றாள்.

நான் எழுந்து நின்றேன். “எடுத்துக்குங்க அம்மணி. யாருதுன்னு தெரியாமத்தான் வெச்சிருந்தோமுங்க.”

“கவர் மட்டும் எங்கூட்ல இருக்கு. தட்டு அன்னிக்கு மழையில போயிருச்சுன்னு நெனச்சு, ஒரு வருஷமா வெறும் கவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆமா, இந்தப் பாட்டை எதுக்குங்க காதுகுத்துல போடறீங்க?”

எனக்குப் பொய் வரவில்லை. “சாப்பிடறதுக்குங்க.”

விஷயத்தை விளக்கினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு கறையைக் காட்டினாள். “இது என்ன, சாம்பாரா?”

“ரசமுங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் இதை ஒழுங்கான செட்டில் கேட்கலாம் என்றாள். மச்சானுக்கு அதில் விருப்பமில்லை. அக்காவோ வேறு எதையோ கற்பனை செய்துகொண்டு எனக்குப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அப்படி ஒன்றும் இல்லை என்று அவளை நம்பவைக்கவே எனக்குப் பல மாதங்கள் ஆயிற்று.

அவர்கள் வீட்டில் ஆளுயரத்துக்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள். பாட்டைப் போட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியில் ஏதோ ஒரு வாத்தியம் பாட்டு முழுக்கத் துணைக்கு நடந்துகொண்டே இருந்தது. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. குழாய் ஸ்பீக்கரில் கனத்த ஒலிகள் வராது. ஆக ஒரு வருடம் முழுக்க நான் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எப்படி?” என்றாள், பெருமையாக.

“கீழ யாரோ உருட்டிக்கிட்டே இருக்காங்க. அது இல்லாம நல்லா இருந்துதுங்க.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அது பேஸ் கிட்டாருங்க! அதுதான் பாட்டே!”

என் பாட்டுக்குள் அறிமுகமில்லாத ஆள் ஒருவர் குடிவந்தது போல எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கு அடுத்ததும். விடுமுறைக்கு அவள் வரும்போதெல்லாம் புதிது புதிதாகக் கொண்டுவருவாள், கேஸட்டில் பதிந்தும் கொடுப்பாள். இந்த வகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்று அவள்தான் சொன்னாள். மச்சானிடம் சொன்னபோது, “புரோகிரஸா? பள்ளிக்கூடத்துல மார்க் போட்டுக் குடுப்பாங்களே, அதா?” என்றார்.

ஓரிரு வருடத்தில் நான் சகிக்க முடியாத ஆளாகிவிட்டேன். மூன்று நிமிடத்தில் முடிகிற எதையும் பாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சினிமாப் பாட்டு கேட்கிறவர்களைப் பார்த்து இரக்கப்படுவேன். ஒரு கல்யாணத்தில் பெண் மேடைக்கு வருகிற நேரம் பார்த்து, நீண்ட டிரம்ஸ் தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். பெண் எந்தத் தாளத்துக்கு நடப்பது என்று தெரியாமல் பாதி வழியில் நின்றுவிட்டாள். மச்சான் பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கினார்.

“மாப்ள, நீ நொம்பப் படிச்சுட்டே. போய்ச் சாப்பிடு போ. தட்டை நான் பாத்துக்கறேன்.”

எனக்கு முதல் பந்தி நிரந்தரமானது அப்படித்தான்.

பிறகு அந்த எஸ்டேட்காரர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. ஏற்காட்டில் வரவேற்பு, செட் எங்களுடையது. நான் ஒரு வாரம் உட்கார்ந்து அவளுக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் ஒரே கேஸட்டில் வரிசையாகப் பதிந்து எடுத்துப் போயிருந்தேன். முதல் பாட்டின் முதல் ஆர்கன் ஒலி எழுந்ததும் அவளே பட்டுப்புடவையோடு எங்கள் மேஜைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கு வேண்டாங்க. அவங்க ஊட்டுப் பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க. சினிமாப் பாட்டா போட்டுருங்க,” என்றாள்.

போட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மச்சான் அன்று ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அவள் கடைக்கு வந்தாள். நரை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மகள் பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு பலாச்சுளை தின்றுகொண்டிருக்கிறாள் என்றாள். குழாய்களெல்லாம் போய், கடையில் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்திருந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த கேஸட்டுகளைக் காட்டினேன். இருப்பதிலேயே நீளமான ஒன்றைப் போட்டேன். காற்று, மௌனம், ஆர்கன். அவள் மரியாதையாகக் கேட்டாள். சிறிது நேரத்தில் வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தாள்.

“இதையெல்லாம் இன்னும் கேக்கறீங்களா?” என்றாள்.

“நீங்க கேக்கறதில்லைங்களா அம்மணி?”

“அங்க போன புதுசுல கேட்டேன். அப்புறம் ஒருநாள் யாரோ நம்ம சினிமாப் பாட்டு கேஸட் குடுத்தாங்க. காரை ஓரமா நிறுத்திட்டு அழுதேங்க. இப்ப அதுதான். இப்ப வர்ற புதுப்பாட்டெல்லாம் கேட்டீங்களா? பேஸ் எப்படி வருது தெரியுமா?”

நான் ஒரு நீண்ட உரை ஆற்றினேன். பொறுமை, கட்டமைப்பு, மெட்டு வளர்கிற விதம், எல்லாம் ஒருகாலத்தில் அவள் எனக்குச் சொன்னவை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். “எவ்வளவு போரா பேசியிருக்கேன் நான்!” என்று சொல்லிச் சிரித்தாள். கைப்பையிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு கேஸட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு மதியம், கடையில் யாரும் இல்லாதபோது, மெல்லிய சத்தத்தில் போட்டுப் பார்த்தேன். பாட்டின் அடியில் பேஸ் நடந்து வந்தது. அது தனியாக ஒரு வழியில் போய், திரும்பி வந்து, குரலோடு சேர்ந்துகொண்டது. நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் மச்சான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

“புதுப் பெட்டியைச் சோதிச்சுப் பாக்கறேனுங்க,” என்றேன் அவசரமாக.

“அப்படியா?” அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். “ரெண்டு பக்கமும் நல்லாச் சோதிச்சுப் பாரு மாப்ள. எனக்கும் வேலை ஒண்ணும் இல்லை.”