இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எந்த உள்கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. என் கணவர் வைக்க விடமாட்டார். குளியலறைக்குக்கூடத் துணித் திரைதான். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த போர் முடிந்து, கடற்படையை விட்டு வந்து, தோல் தொழிற்சாலையில் பாய்லர் வேலைக்குச் சேர்ந்தபின் என்னைக் கட்டிக்கொண்டவர். பட்டாளத்தார் குணம் இப்படித்தான் இருக்கும் போல என்று நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்வார். கீழே எஞ்சின் அறையில் இருப்பவர்களுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. வியர்வை காய்ந்து சட்டை உப்புப் பூத்து விறைத்து நிற்கும். குடிக்கிற தண்ணீர்கூட அளவாகத்தான். இருட்டிவிட்டால் மேல்தளத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. அந்தச் சின்னக் கங்கு போதும், எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். பயமாக இருக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாருக்கும்தான் இருந்துச்சி. ஆனா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்க மாட்டோம்" என்றார்.

அவருடைய தோஸ்த் குடியாத்தத்து நெசவாளர் வீட்டுப் பையன். கடற்படையில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கப்பலுக்குப் போனவர்கள். போரில் ஒரு நாள் குண்டு விழுந்து கப்பலின் பக்கவாட்டுத் தகடு கிழிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அறையில் நண்பனும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அதன் இரும்புக் கதவை அடைக்காவிட்டால் கப்பலே மூழ்கிவிடும். அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கதவருகில் நின்றவர் என் கணவர். அடைத்தார். கப்பல் கரை சேர்ந்தது.

குண்டு விழுந்ததுமே பையன் உயிர் போய்விட்டது என்றுதான் குடியாத்தத்தில் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மூத்தவள் பிறந்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னார். "நமக்கும் ஒரு புள்ள வந்தாச்சி. இனிமே மறச்சி வெச்சிக்க முடியாது." குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினோம்.

நண்பனின் அப்பா விசைத்தறியில் லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தறியை நிறுத்தினார். என் கணவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பெரியவர் தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தட்னானா?"

"தட்னான்."

"எதுனா சொன்னானா?"

"என் பேரச் சொல்லிக் கூப்ட்டான்."

பெரியவர் தறியில் அறுந்திருந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று நண்பனின் அம்மா இலை போட்டார். என் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு என் கணவரிடம் கேட்டார்: "எம்புள்ள கஷ்டப்படலயேப்பா? வலி தெரியாமதான போனான்?"

"தெரியாமதாம்மா போனான்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

பெரியவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். பஸ் கண்ணுக்குத் தெரிந்தபோது என் கணவரின் தோளில் கை வைத்தார்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா, அவளுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லி இருக்கலாமேப்பா."

என் கணவர் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் குழந்தை அழுதது. நான் கை நீட்டியும், ஆம்பூர் வந்து சேரும்வரை அவளை என்னிடம் தரவேயில்லை.