கூட இருக்க ஓர் ஆள்

அந்த டாக்டரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம். அவர் போட்ட தையலின் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்றபடி, அவரை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும்.

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். அங்கே நோயாளி தனியாகப் படுக்க முடியாது. வெந்நீர் பிடிக்க, மருந்து வாங்கிவர, கஞ்சி ஊட்ட என்று வீட்டு ஆள் ஒருவர் கட்டிலடியில் பாய் விரித்துக் கிடக்க வேண்டும். பைஸ்டாண்டர் என்போம். ஆபரேஷனுக்கு அந்த ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாதியற்ற யாரையாவது தெருவிலிருந்து தூக்கி வந்தால் ஆஸ்பத்திரி சூப்பிரண்டே போட்டுவிடுவார், அதுவும் அங்கே வழக்கம்தான்.

ஒரு நாள் காலை, இலங்கைக் கலவரத்துக்குத் தப்பி வந்த ஒரு பெண்ணை யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். குடல்வால் வீங்கி, எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலை. வார்டு நர்ஸுகளில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள் நான் ஒருத்திதான். மலையாளம் கலந்த என் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. அவளும் கணவனும் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்தவர்கள். அவன் ஓர் இஞ்சிக் கிடங்கில் மூட்டை சுமந்தான். முகாமை விட்டு வந்ததற்காகப் போலீஸ் அவனைத் தேடியது.

டாக்டரின் அறையில் சாதா உடுப்பில் ஒரு போலீஸ்காரர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கு உடனே விளங்கியது.

"பர்த்தாவு வந்நு ஒப்பிடட்டே, சிஸ்டரே," என்றார் டாக்டர். கணவன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷனாம்.

"அவளுக்குப் புத்தி தெளிவா இருக்கு சார், அவளே போடட்டும். இல்லேன்னா சூப்பிரண்டு போடட்டும்."

"நியமம் நியமமாணு." விதி என்றால் விதிதானாம்.

அதுவரை வார்டில் யார் வசதிக்கும் வளைந்த விதி, அன்று மட்டும் விறைத்து நின்றது. சூப்பிரண்டைத் தேடி ஓடினேன். அவர் எறணாகுளத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். போலீஸ் காத்திருப்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. நான் பொறுத்துக்கொள்ளுறன்."

மதியம் வரை பொறுத்தாள். பிறகு டாக்டர் வார்டின் நடுவில் வந்து நின்று, இவளுடைய ஆள் வராவிட்டால் இவள் செத்துவிடுவாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். பைஸ்டாண்டர்கள் ஒருவருக்கொருவர் ஓடிப்போய் உதவுகிறவர்கள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த கட்டில் நோயாளியின் தங்கை காலையிலிருந்து இவளுக்கு நெற்றி துடைத்துவிட்டவள். பேச்சுவாக்கில் கிடங்கு எதுவென்றும் தெரிந்துவைத்திருந்தாள். நான் தடுப்பதற்குள் அந்த நல்ல மனசுக்காரி ஓடிவிட்டாள்.

அவன் வந்தான். உடம்பெல்லாம் இஞ்சித் தூசி. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது தோளில் போலீஸ்காரரின் கை விழுந்தது. "அவ கண் முழிக்கும் மட்டும் நிக்கிறன் ஐயா," என்று கெஞ்சினான். விடவில்லை. டாக்டர் முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். எத்தனை கழுவினால்தான் என்ன என்று தோன்றியது. ஆபரேஷனை அருமையாகச் செய்தார், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் அவள் கண் திறந்ததும் கேட்டது, "அவர் எங்கே?"

"சாயா குடிக்கான் போயி என்னு பறய்," என்றார் டாக்டர் என்னிடம். அவன் டீ குடிக்கப் போயிருப்பதாக நான் சொல்ல வேண்டுமாம்.

"பொய் சொல்றது என் வேலை இல்லை சார். வேணும்னா நீங்களே சொல்லுங்க," என்றேன். அவர் முகம் சிவக்க வெளியே போய்விட்டார்.

நடந்ததை நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. போர்வையை இரண்டு கையாலும் வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்துப் பார்க்க விடவில்லை, ஊசிக்குக் கை நீட்டவில்லை. அடுத்த கட்டில் நோயாளியின் தங்கை கொண்டுவந்த கஞ்சியும் ஆறிப்போனது. ரொம்ப வலிக்கிறதா என்று குனிந்து கேட்டேன்.

"போங்கோ அக்கா," என்றாள். "இனி எனக்கு நோகுது எண்டு ஒருத்தரிட்டையும் சொல்ல மாட்டன்."