தெருவைக் கடந்து பார்த்த முகம்

காலை ஏழரைக்குச் சிரம்பானில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்கு ஐம்பது மைல் சொச்சம். கட்டணம் இரண்டு வெள்ளி. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஓராண்டாகியும் அந்த பஸ் இருக்கைக்கு மட்டும் விடிவு வரவில்லை. வழி நெடுகக் கம்பி முதுகில் குத்தியது. என் அண்ணன் சினிமாக் கொட்டகைகளுக்கு பேனர் வரைகிறவர். கூட்டாளிகளோடு படக் கண்காட்சி வைத்திருப்பதாகவும், தங்கை நான் வந்தே தீரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு மலாக்கா. ரிக்‌ஷாக்காரர் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துத் தமிழில் பேசினேன். அவர் பல தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி. சிரித்தபடி மலாயில் பதில் சொன்னார். கண்காட்சி நடக்கும் காஜா பேராங் தெருவுக்கு ஐம்பது காசு. தன் வண்டி முதுகிலுள்ள புலியை வரைந்தவரும் அந்தக் கண்காட்சியில் இருக்கிறார் என்று வழியெல்லாம் பெருமை.

காலியாகக் கிடந்த ஓர் அரிசிக் கடைதான் கண்காட்சிக் கூடம். ஊர்ப் பெரிய மனிதர்கள் நடத்தும் ஓவியக் கூடத்தில் 'தெருப் படங்களுக்கு' இடமில்லையாம். போங்கய்யா என்று நால்வரும் இந்தக் கடையைப் பிடித்துவிட்டார்கள். புலி வரைந்தவர் மலாய்க்காரர், கடைப் பலகை எழுதுகிறவர் சீனர். பச்சை குத்துகிறவர் சுவரில் நாகங்களை மாட்டியது போதாதென்று, சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமும் நின்றார்.

அண்ணன் என்னை ஓரமாக இழுத்து ஒரு பெரிய முகப் படத்தைக் காட்டினார். "உன் அண்ணிதான். அவளுக்குத் தெரியாது," என்றார். பத்து வருடமாக யார் யார் முகத்தையோ வரைந்து, அடுத்த வாரமே வெள்ளையடித்து அழிக்கிறாரே, கட்டினவள் முகத்தை ஒருநாளாவது வரைந்தாரா என்பது அண்ணியின் தீராத குறை. அழியாத முதல் படமாக இதை வரைந்திருந்தார். எட்டடி உயரம்.

பதினொன்றரைக்கு அண்ணி வந்தார். படத்துக்கு மூன்றடி தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தார். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தாடையின் கீழ் நீலம், மூக்கோரம் பச்சை.

"இது எந்தப் படத்து அசுரன்?" என்றார்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் திட்டியிருப்பேன். கோப்பியாவது குடிப்போம் என்று எதிர்ச் சாரிக் கடைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பலகைக் கதவுகள் கழற்றிய அரிசிக் கடைக்குள்ளிருந்து அண்ணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்! கிட்டத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்த அந்தப் படம், இங்கிருந்து பார்த்தால் அசல் அண்ணியேதான். தெருவில் போகிறவன் பார்ப்பதற்கென்றே வரைந்து பழகிய மனுஷன், பன்னிரண்டடி அறைக்கும் அதே கணக்கில் தீட்டித் தொலைத்திருக்கிறார்.

ஓடிப்போய் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அண்ணனும் பின்னால் வந்தார். கோப்பிக்கடை வாசலில் அண்ணி திரும்பிப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார்.

"பொட்டு கோணலா இருக்கே," என்றார் கடைசியில்.

"தினமும் அப்படித்தானே வெக்கிற," என்றார் அண்ணன்.

அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி தெருவைத் தாண்ட அவருக்கு மனமே இல்லை. இரண்டு கோப்பி குடித்தார். மூன்று மணிக்கு என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது முகம் கழுவிப் புதுப் பொட்டு வைத்திருந்தார். அதுவும் கோணல்தான். எனக்கு மனசெல்லாம் நிறைந்திருந்தது.

ஆறு மணிக்கு வீடு. என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் இருந்தார். மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு, என் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

பேப்பரை இறக்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"கைய எடு, பார்த்துச் சொல்றேன்," என்றார்.