எந்த வரியில் தப்பு என்று சொல்லும் பார்சர்

ரஸ்ட் என்ற நிரல் மொழியில் மென்பொருள் திரைகளை அமைக்கும் எங்கள் கட்டமைப்புக்கு மேக்ரோ பார்சர், அதாவது எழுதிய கோடைப் படித்துச் சரிபார்க்கும் பகுதி, எழுதுவது என் வேலை. யாராவது திறந்த ஒரு டேக் குறியை மூட மறந்தால், எந்த வரியில் என்று அது காட்ட வேண்டும். அதற்கே மூன்று வாரம் உழைத்தேன்.

இன்று காலை டீம் லீடர் அந்தப் பகுதியை நீக்கச் சொன்னார்.

"தப்புன்னு சொன்னாப் போதாதுங்களாக்கா? தேடத் தெரியாதவன் எதுக்குங்க கோடு எழுதோணும்?"

வாதாடினால் எனக்குத்தான் கேவலம். நீக்கினேன்.

மதியம் குமாரபாளையத்துத் தறி முதலாளி ஒருவருக்கு டெமோ. அவர் கேட்ட சிறு மாற்றத்தை லீடரே அங்கேயே எழுதினார். 'தப்பு' என்று மட்டும் வந்தது. முந்நூறு வரிகளில் இருபது நிமிடம் தேடினார்.

"ஏனுங் தம்பி, எங்க தறியில ஒரு நூல் அறுந்தாக்கூட எதுன்னு காட்டிருமுங்க. உங்களுது காட்டாதுங்களா?"

முதலாளி எழுந்துவிட்டார். நான் என் கணினியில் இருந்த, நீக்குவதற்கு முந்தைய பதிப்பில் அதே கோடை ஓட்டினேன். வரியைக் காட்டியது. லீடர் மூட மறந்த டேக்.

"இதெல்லாம் மொதல்லயே யோசிச்சு வெச்சிருக்கோமுங்க" என்றார் லீடர், முதலாளியிடம்.

மாலையில் நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு ஒப்புதல் தந்தவரும் லீடர்தான். கீழே "நல்ல யோசனைங்கக்கா" என்று எழுதியிருக்கிறார்.

பதிலுக்கு என்ன எழுதலாம்? மரியாதையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.