வகினாக் முதலிடம் கொடுத்த ஆட்டக்காரர்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் டிராம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் வகினாக். சந்தேகம் அவருக்கு வேலையோடு ஒட்டிக்கொண்ட குணம். வேலை போன பிறகும் போகவில்லை. தர்பூசணிக்காரன் தட்டிக் காட்டும் பழத்தை வாங்கவே மாட்டார், அடியில் கிடப்பதைத்தான் உருவுவார். மனைவி போன பிறகு அவருக்கென்று மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வயலின் வாசிக்கும் மகள் செதா. இன்னொருவர் பூங்காவில் தினமும் சதுரங்கம் ஆடிச் சண்டை போடும் செரோப்.

உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்பதுதான் சண்டை. முதலிடம் ஆர்மீனியரான பெட்ரோசியனுக்கு; அந்த ஊரில் அதற்கு மறுபேச்சே கிடையாது. அவர் பட்டம் வென்ற அன்று ஓபரா சதுக்கத்தில் வகினாக் தேம்பித் தேம்பி அழுததை ஊரே பார்த்தது. இரண்டாமிடத்துக்குத்தான் அடிதடி. வகினாக் தால் என்பார், செரோப் கப்பாபிளாங்கா என்பார், பெஞ்சே அதிரும்.

அது 1978. சோவியத் நாட்டை விட்டு ஓடிப்போன கோர்ச்னோயோடு அரசாங்கத்தின் செல்லப்பிள்ளை கார்ப்பவ் பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் ஓடிப்போனவர் பெயரைக்கூடப் போடாமல் ‘எதிராளி’ என்றே எழுதின. அந்த நேரம் பார்த்து நோரைர் என்ற புது ஆள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தான். ஆடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தான். காலில் புத்தம்புது ஷூ.

வகினாக்கின் கண் அந்த ஷூவிலேயே நின்றது: அரசாங்க ஆளோ? செதா இசைக்குழுவோடு புடாபெஸ்ட் போக வேண்டும். வெளிநாடு போக அரசாங்க அனுமதி இன்னும் வரவில்லை. அப்பன் வாய் தவறினால் மகள் கதை முடிந்தது.

“அந்த எதிராளிய நீங்க எத்தனாவதா வைப்பீங்க, அண்ணே?” என்றான் நோரைர்.

உளவாளியேதான் என்று முடிவு கட்டினார் வகினாக்.

“அவனுக்கு இடமே கிடையாது. கார்ப்பவ்தான் முதல்ல.”

செரோப் சிரித்தார். “விளையாடாத, வகினாக். அப்ப பெட்ரோசியன்?”

“அவரு காலமெல்லாம் மலையேறிப் போச்சு.”

சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் கொறிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நோரைர் முகம் வெளுத்து எழுந்து போனான். பாவம், பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பல் வைத்தியன் அவன்.

யெரெவான்காரன் ஒருவன் தானாக அப்படிச் சொல்வானா? யாரோ சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், இவர்தான் உளவாளி என்று பூங்கா பேசிக்கொண்டது. செதாவுக்கு அனுமதி வந்தது. அதுவும் சட்டென்று வந்து தொலைத்தது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லை. வகினாக் வந்தால் பெஞ்சில் பேச்சு வானிலைக்குத் தாவியது. ஊரையெல்லாம் சந்தேகித்த மனுஷனை ஊர் சந்தேகித்தபோது அவரால் தாங்கவே முடியவில்லை.

ஒரு நாள் செரோப்பைத் தனியாகப் பிடித்தார்.

“டேய், அன்னைக்குப் பயத்துல உளறிட்டேன்டா. பெட்ரோசியன்தான்டா பெரியவரு. தாலுக்கு ரெண்டாமிடம். சண்டைக்கு வாடா.”

செரோப் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“இல்லைங்க. கார்ப்பவ்தான் பெரியவரு,” என்றார். “நானும் எப்பவும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்.”